இலேசான உடலுழைப்பு

மருமகன் ரொறன்ரோவில் இருந்து வந்து இறங்கிய மூன்றாம் நாள், விடிய ஐந்தரைக்கு, ஒட்டுசுட்டான் சந்தி நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. அந்த நேரத்தில் நாய் குரைத்தால் படலையடியில் யார் நிற்கிறார்களோ என்று நெஞ்சு இடிக்கிற காலம் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. இப்போது நின்றது மருமகன். தொடை தெரிகிற காற்சட்டை, காதுக்குள் இரண்டு வெள்ளைக் குமிழ், இடது மணிக்கட்டில் கறுப்பு மணிக்கூடு. கற்சிலைமடுப் பக்கமாக ஓடிப்போய்த் திரும்பி ஓடி வந்திருக்கிறான். எதிரே பால் கொண்டுவந்த பெரியவர் சைக்கிளைவிட்டுக் குதித்து, "என்ன தம்பி, ஆனையோ?" என்று கேட்டுக்கொண்டே தானும் ஓட ஆயத்தமானாராம்.

"இல்லை ஐயா, சும்மா ஓடுறன்."

வன்னியில் ஒருவர் சும்மா ஓடுகிறேன் என்று சொல்லி நான் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான். பெரியவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் றோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாராம்.

"மாமா, 312 கலோரி எரிச்சிட்டன்" என்று முற்றத்தில் நின்று மூச்சிரைத்தான். அடுப்படியில் இருந்து சின்னம்மா எட்டிப் பார்த்தா.

"எதையடா மோனை எரிச்சனி? ஆற்றை வளவை?"

எரித்த கதை சொல்வதற்கு அவன் வந்த ஊர் பொருத்தமான ஊர்தான். ஒட்டுசுட்டான் என்ற பெயரே எரித்த கதை. குரக்கன் அறுத்த பிறகு நின்ற ஒட்டைக் கமக்காரன் சுட்டான், அங்கே லிங்கம் வெளிப்பட்டது, அதுவே தான்தோன்றீஸ்வரர் என்பது ஊர் ஐதீகம். வேகாவனத்துப் பெருமான் என்றும் சொல்வார்கள். வேகாத வனமாம். அதற்குப் பிறகு இந்த வனம் எத்தனை தரம் வெந்தது என்று பெருமானைத்தான் கேட்க வேண்டும்.

சின்னம்மாவின் கையில் அந்த மணிக்கூட்டைக் கட்டிப் பார்ப்போம் என்ற யோசனை என்னுடையது. அவவுக்கு எழுபத்திரண்டு வயது, நாற்பத்தொரு கிலோ. வாரைக் கடைசித் துளைவரை இழுத்தும் கையைச் சுற்றி அது வளையல்போல உருண்டது. பழைய சொப்பிங் பையைக் கிழித்து, மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்கு மேலே இறுக்கினோம். மருமகன் போனில் வயது, உயரம், நிறை, ஆணா பெண்ணா என்று பதிந்தான். காலையில் என்ன சாப்பிட்டா என்று மணிக்கூடு கேட்கவில்லை. தலையில் என்ன சுமப்பா என்றும் கேட்கவில்லை.

காஸ் விலை ஏறிய நாளில் இருந்து எங்கள் வீட்டில் சிலிண்டர் ஒரு அலங்காரப் பொருள். சின்னம்மா காட்டுக்கரைக்குப் போய் விறகு பொறுக்கி, கொடியால் கட்டி, தலையில் ஏற்றி, இரண்டு கையாலும் கட்டைப் பிடித்துக்கொண்டு வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது. போகவர இரண்டரைக் கிலோமீற்றர் இருக்கும். மணிக்கூடு சொன்ன காலடி 340.

மருமகன் அதைத் தட்டிப் பார்த்தான், துடைத்துப் பார்த்தான். பிறகு காரணத்தை அவனே கண்டுபிடித்தான். இந்தச் சாமான் காலைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறது. கை முன்னும் பின்னும் வீசினால் ஒரு காலடி. கை இரண்டும் தலைச்சுமையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தால், ஆள் நடக்கவே இல்லை என்று அர்த்தம். கடை வண்டி தள்ளுகிறவருக்கும் கைக்குழந்தை தூக்கி நடக்கிறவருக்கும் இதே கதிதான்.

அதற்குப் பிறகு சின்னம்மா திண்ணையில் காலை நீட்டி இருந்து சுளகால் அரை மணித்தியாலம் பயறு புடைத்தா. காலடி 1,100 ஏறியது.

ஒரு பிளேன் ரீ ஊற்றிக்கொண்டு தூணில் முதுகைச் சாய்த்தபோது மணிக்கூடு கிர் என்று நடுங்கியது.

"என்னவாம்?"

"எழும்பி நடமாடட்டாம், அம்மம்மா. கனநேரமா இருக்கிறீங்களாம்."

"ஆர் சொல்றது?"

"மணிக்கூடு."

"அதிட்டைச் சொல்லு, நான் இப்பதான் இருந்தனான் எண்டு."

சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய விசயம்தான். ஆனால் மருமகன் இந்த எண்ணை நம்பிச் சோற்றைக் குறைக்கிறான், கூட்டுகிறான். 2017இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு வகை மணிக்கூடுகளை 60 பேரின் கையில் கட்டிப் பார்த்தார்கள். நாடித் துடிப்பை ஏறக்குறைய எல்லாம் சரியாகவே சொல்லின. கலோரி என்று வந்ததும் ஒன்றுகூடத் தேறவில்லை. இருந்தவற்றுள் நல்லது 27 சதவீதம் பிழைத்தது, மோசமானது 93 சதவீதம். நூறு ரூபாய்க்கு 93 ரூபாய் பிழைவிடும் தராசைச் சந்தையில் வைத்திருந்தால் முல்லைத்தீவுச் சனம் அந்த யாவாரியைத் தராசோடு சேர்த்துக் குளத்தில் போட்டிருக்கும். நாளுக்கு 10,000 காலடி என்ற வேதவாக்கும் மருத்துவர் எழுதித் தந்ததில்லை. தோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டோடு, 1965இல், யப்பானியக் கம்பனி ஒன்று காலடி எண்ணும் கருவியை விற்பதற்கு வைத்த பெயர் அது.

கலோரி என்ற கணக்கின் தொடக்கம் என்னவோ நேர்மையானதுதான். பாரிஸில் லவோய்சியர் என்ற பெரிய மூளைக்காரர் 1780களில் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பெட்டிக்குள் வைத்து, அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று நிறுத்துப் பார்த்தார். அந்தக் கினிப் பன்றிக்காவது பக்கத்தில் இருந்து அளந்திருக்கிறார்கள். மனிதருக்கு வந்தபோது அட்டவணை வந்துவிட்டது. சும்மா இருக்கும்போது ஒரு ஆள் செலவழிப்பதை ஒன்று என்று வைத்து, நடப்பது மூன்றரை மடங்கு, விறகு கொத்துவது ஆறு மடங்கு என்று பெருக்குவார்கள். இதற்கு 'மெட்' என்று பெயர். அந்த 'ஒன்று' எங்கிருந்து வந்தது தெரியுமா? எழுபது கிலோ நிறையும் நாற்பது வயதும் உள்ள ஒரேயொரு ஆணின் ஓய்வில் இருந்து. பின்னாளில் 700க்கு மேற்பட்டவரை அளந்து பார்த்தபோது அந்த 'ஒன்று' மிகக் கூடுதல் என்று தெரிந்தது. அதனால் என்ன, அட்டவணை அசையவில்லை. உடம்பு ஓய்வில் செலவழிப்பதைக் கணிக்க உலக சுகாதார நிறுவனம் 1985இல் எடுத்துக்கொண்ட சமன்பாடுகளிலும் ஏறத்தாழ அரைவாசித் தரவு இத்தாலியர்களுடையது. சின்னம்மா இத்தாலிக்குப் போனதில்லை. அவவின் பசி அங்கே போய்வந்திருக்கிறது.

இந்த அட்டவணையை அமெரிக்கர்கள் 1993இல் ஒரு தொகுப்பாகப் போட்டார்கள், இன்றுவரை புதுப்பித்துக்கொண்டு வருகிறார்கள். பொறுமையாக வாசித்தால் நல்ல பொழுதுபோக்கு. தோட்ட வேலைக்கு ஒரு எண், கோவிலில் முழந்தாளிட்டு இருப்பதற்கு ஒரு எண், பொலிஸ்காரர் ஒருவரைக் கைதுசெய்வதற்குக்கூட ஒரு எண் இருக்கிறது. கைதாகிறவருக்கு எண் இல்லை. பங்கருக்குள் பிள்ளையோடு தவழ்ந்து இறங்குவதற்கும் இல்லை.

உடற்பயிற்சிச் சைக்கிள் என்று ஒன்று ரொறன்ரோ வீட்டில் இருக்கிறதாம். எங்கும் போகாத சைக்கிள். மாதத் தவணைக்கு வாங்கியதாம். மருமகன் அதைச் சொன்னபோது எனக்குத் தொண்ணூறுகளின் இரவுகள் ஞாபகம் வந்தன. அப்போது எங்களிடமும் அது இருந்தது, இலவசமாக. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் தங்கம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து, ஒருவர் மாறி ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவோம். சுற்றுகிற வேகம் குறைந்தால் தமிழோசை செய்தியாளரின் குரல் கரகரத்து மங்கி அடங்கிவிடும். எங்கள் ஊரில் எத்தனைபேர் செத்தார்கள் என்று லண்டன் சொல்லக் கேட்பதற்கு எங்கள் கலோரியை எரித்தோம். அந்தக் கணக்கை எந்த மணிக்கூடு வைத்திருக்கிறது?

என் ஆத்திரம் மணிக்கூட்டின் மேலே இல்லை. அது பாவம், கொழுத்தவனுக்காகச் செய்த சாமான். கொழுத்தவன் எரிப்பதை எண்ணும் அதே அலகால் மெலிந்தவன் தின்பதை மட்டும் எண்ணுகிறார்களே, அதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு பக்கத்துக்குச் செலவுக் கொப்பி, மறுபக்கத்துக்கு வரவுக் கொப்பி. எங்கள் செலவை ஒருத்தனும் எழுதியதில்லை.

இது இன்று நேற்றுப் பழக்கமும் இல்லை. 1876இல் தொடங்கிய சென்னை மாகாணப் பஞ்சத்தில், நிவாரண வேலையில் கல்லுடைத்து மண் சுமந்த ஆட்களுக்குக் கூலி கூடிப்போய்விட்டது என்று வைசிராய் லிற்றனுக்குக் கவலை. 1877 ஜனவரியில் சேர் ரிச்சட் ரெம்பிள் என்ற துரையை அனுப்பினார். துரை கணக்குப் பார்த்து, வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று தீர்த்தார். ஒரு இறாத்தல் அரிசி ஏறத்தாழ 1,600 கலோரி. மேலதிகமாக அந்த அணாவுக்குப் பஞ்ச விலையில் என்ன வாங்கலாம் என்று நீங்களே யோசியுங்கள். இதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். சென்னைச் சுகாதார ஆணையாளர் கோர்ணிஷ் என்ற மருத்துவர் இது கொலைக் கணக்கு என்று மல்லுக்கு நின்றார், சில மாதங்களில் கூலியைக் கூட்டவும் வைத்தார். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பஞ்சம் மொத்தத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தின்றது. அப்போது வெட்டிய துண்டொன்று கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்தது. கால்வாய்க்குக் கவர்னரின் பெயர். வெட்டியவனுக்கு ஒரு இறாத்தல்.

அந்தப் பஞ்சத்துக்குத் தப்பி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னியின் ஓரமாக நடந்து, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வழியில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளை 1958இலும் 1977இலும் அடித்து விரட்ட, அவர்கள் திரும்ப இந்த வன்னிக்குத்தான் நடந்து வந்தார்கள். நடை என்றால் உடம்புக்கு நல்லது என்கிறார்கள் டொக்டர்மார். அப்படிப் பார்த்தால் உலகிலேயே சுகதேகிகள் எங்கள் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும்.

கொழும்புக் கணக்குக்கு வருகிறேன். இலங்கையில் ஏழை யார் என்பதையும் கலோரியால்தான் பிரித்தார்கள். தொகைமதிப்புத் திணைக்களம் 2004இல் முதன்முதலாக உத்தியோகபூர்வ வறுமைக் கோட்டை அறிவித்தபோது, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,030 கலோரி என்று வைத்து, அதை வாங்கவும் மற்றச் செலவுக்கும் 2002ஆம் ஆண்டு விலையில் மாதம் 1,423 ரூபாய் போதும் என்று கோடு கீறியது. 1,424 ரூபாய் செலவழிப்பவர் ஏழை இல்லை. அந்தக் கோட்டின்படி 2016இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏழைகள் 12.7 சதவீதம். கோட்டைக் கொஞ்சம் நகர்த்தி, 6,966 ரூபாய் என்று புதிதாகக் கீறிய 2019 கணக்கில் 44.5 சதவீதம். நாட்டிலேயே முதலிடம். கொழும்பு 2.3. மூன்று வருடத்தில் எங்கள் வீடுகளில் எதுவும் மாறவில்லை, ஒரு கோடு மாறியது. இரவோடு இரவாக ஊரில் பாதி ஏழையாகிவிட்டது. முதலே சொல்லியிருந்தால் அந்த மூன்று வருடமும் கொஞ்சம் கவலைப்பட்டிருப்போம்.

2023இல் அஸ்வெசும வந்தது. இப்போது கலோரியும் இல்லை, 22 குறிகாட்டிகள். கல்வி, நோய், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு எல்லாம் பார்க்கிறார்கள். கரண்ட் எத்தனை யூனிற் என்றும் பார்க்கிறார்கள். மின்குமிழ் எரிப்பதைக் கணக்கெடுக்க வழி இருக்கிறது. மனிசி எரிவதற்கு அந்த 22க்குள் ஒரு கட்டம்கூட இல்லை.

சரி. வயிற்றைப் பிசையும் இடத்துக்கு எப்படியும் வந்துதானே ஆகவேண்டும்.

யுத்தத்தில் அகப்பட்ட சனத்துக்கு உணவு அனுப்ப உலகம் முழுக்க ஒரு தராதரம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி. குழந்தை, கிழவர், எல்லாரையும் சேர்த்து எடுத்த சராசரி. அந்தக் கணக்கின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு அனுமானம் இருக்கிறது: மக்கள் இலேசான உடலுழைப்பில் ஈடுபட்டிருப்பார்கள்.

இலேசான உடலுழைப்பு.

2009 ஜனவரி முதல் கிழமையில் ஒட்டுசுட்டான் இராணுவத்திடம் போனது. அதற்கு முதலே சனம் உழவு மெசினிலும் சைக்கிளிலும் தலையிலும் வீட்டை ஏற்றிக்கொண்டு கிழக்கே நகர்ந்துவிட்டது. புதுக்குடியிருப்பு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு இடத்திலும் இறக்குவது, கொட்டில் போடுவது, பங்கர் வெட்டுவது, இரண்டாம் நாள் திரும்ப ஏற்றுவது. சின்னம்மா ஏழு பங்கர் வெட்டியதாகச் சொல்லுவா. ஐந்தாவதில் மண்வெட்டிப் பிடி முறிந்துவிட்டது. பிறகு சருவச்சட்டி மூடியால் மண் வறுகினது. கடற்கரை மணல் நிற்காது, வெட்ட வெட்டச் சரியும். பெட்டியில் இருந்த கூறைச் சேலையை எடுத்து, துண்டு துண்டாக்கி, ஊசி நூலால் பை தைத்து, அதற்குள் மண் நிரப்பி அடுக்கினா. அந்தக் கரையில் சேலை மூட்டைகள் எல்லா நிறத்திலும் கிடந்தன. அரக்கும் பச்சையுமாகத் தூரத்தில் இருந்து பார்த்தால் கலியாணவீடுபோல இருந்தது என்று சொல்லுவா.

கூறைச்சேலையில் மண் அடைப்பதற்கு எத்தனை மெட் என்று அந்தத் தொகுப்பைத் தயாரிக்கிறவர்கள் அடுத்த பதிப்பில் போட்டால் நல்லது.

எங்களைப் போகவிடாமல் மறித்தவர்களும் எங்கள் கலோரியை விட்டுவைக்கவில்லை. மண் அணைக்கும் பதுங்குகுழிக்கும் ஆள் பிடித்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். ஐ.நா. நிபுணர் குழு 2011இல் இரண்டு பக்கத்தையும் எழுதித்தான் வைத்திருக்கிறது. அதை இங்கே மறைத்துவிட்டு எழுதினால் என் தராசும் 93 சதவீதம் பிழைக்கும்.

ஆனால் சாப்பாட்டுக் கணக்கு எழுதியது கொழும்பு. வன்னிக்குள் எத்தனைபேர் இருக்கிறார்கள் என்று 2009 பெப்ரவரியில் கேட்டபோது, ஐ.நா. இரண்டரை இலட்சம் என்றது. அரசாங்கம் 70,000 என்றது. போர் முடிந்து முட்கம்பிக்குப் பின்னால் வரிசையில் வைத்து எண்ணியபோது உயிரோடு வந்தவர்களே ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம். செத்தவர்கள் இந்தக் கூட்டலில் இல்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு. 70,000 பேருக்கு 2,100 கலோரிப்படி ஒரு நாளைக்கு 14 கோடியே 70 இலட்சம் கலோரி. அதை 2 இலட்சத்து 90 ஆயிரம் வயிற்றுக்குப் பிரியுங்கள். ஆளுக்கு 507. ஒவ்வொரு நாளும் முழுசாக வந்து சேர்ந்திருந்தால்தான் இந்த 507. அது வரவில்லை என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். துரை ரெம்பிளின் ஒரு இறாத்தல் இதற்கு முன்னால் விருந்து. அவராவது இருந்த தலையை எண்ணிவிட்டுச் சோற்றைக் குறைத்தார். இவர்கள் சோற்றைக் குறைப்பதற்காகத் தலையைக் குறைத்தார்கள். ஏப்ரல் கடைசியில் அந்தத் துண்டுக் கரையில் 1,27,177 பேர் இருப்பதாக ஐ.நா. மதிப்பிட்டபோது, அரசாங்கத்தின் எண் 10,000.

இப்படிப் பட்டினியை எண்ணால் சமைக்கிறவனுக்கு மணிக்கூடு தேவையில்லை, கால்குலேற்றர் போதும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. 2010இல் கொழும்பின் நகர அபிவிருத்தி அதிகாரசபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழே கொண்டுவந்தார்கள். பாதுகாப்பு அமைச்சுக்கு நகரத்தை அழகாக்கும் ஆசை வந்துவிட்டது. சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி நடைபாதை போட்டார்கள். விடியவும் பின்னேரமும் கொழும்பு மாந்தர் கைவீசி நடந்தார்கள், மெல்லோட்டம் ஓடினார்கள், தொப்பை குறைத்தார்கள். நல்ல பாதை, நானும் பார்த்திருக்கிறேன், குறை சொல்ல ஏலாது. ஒரே அமைச்சு. முதலில் எங்களை ஓடவைத்தது, பிறகு அவர்கள் ஓடுவதற்குப் பாதை போட்டது. உடற்பயிற்சிக்கு இவ்வளவு தொண்டாற்றிய பாதுகாப்பு அமைச்சு உலகத்தில் வேறு எங்காவது உண்டா? அப்போது எங்கள் ஆட்கள் செட்டிகுளத்து மெனிக் பாமில் தண்ணீர்ப் பவுசருக்கு வாளியோடு வரிசையில் நின்றார்கள். 2012 செப்ரெம்பரில்தான் அந்த முகாமை மூடினார்கள். வரிசையில் நிற்பதும் இலேசான உடலுழைப்புத்தான்.

மெலிந்தவர்களுக்கு ஆறுதலாக விஞ்ஞானத்திலும் ஒரு கதை இருக்கிறது. ஹேர்மன் பொன்ற்ஸர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் தன்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு கிண்டியும் வாழும் ஹட்சா மக்களை அளந்து 2012இல் எழுதினார்கள். மணிக்கூட்டால் அளக்கவில்லை, அணுப் பாரம் கூடிய நீரைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரில் அது குறைவதைப் பார்க்கிற முறை. நாள் முழுக்க நடக்கும் ஹட்சாக்காரரும் கதிரையில் இருக்கும் அமெரிக்கரும், உடம்பின் அளவைக் கழித்துப் பார்த்தால், ஒரு நாளில் செலவழிப்பது ஏறக்குறைய ஒன்றுதானாம். நடையில் கூடச் செலவானால் உடம்பு வேறு எங்கேயோ சுருக்கிக்கொள்கிறது என்பது பொன்ற்ஸரின் வாதம். வருமானம் இல்லாத வீட்டுக்காரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறிக்குப் போகிறதை மருந்துக்கு மாற்றுவா, மருந்துக்குப் போகிறதைக் கொப்பிக்கு மாற்றுவா. சின்னம்மாவின் உடம்பு எதை எதைச் சுருக்கியது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பல்லையும் முடியையும் பார்த்தே கொஞ்சம் தெரிகிறது.

வைகாசியில் சந்திக்குச் சந்தி முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. சிரட்டையில் ஒரு வாய். ஒரு பிடி அரிசி 50 கிராம் என்றால் 180 கலோரி, மருமகன் விடிய ஓடியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இந்த 180 கலோரி அரசாங்கத்துக்குப் பெரிய தலையிடி. 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. கைதுசெய்வதற்குத்தான் அட்டவணையில் எண் இருக்கிறதே. அன்றைக்கு நல்ல உடற்பயிற்சி கிடைத்திருக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தெருவோரக் கொட்டிலில் இருக்கத் தொடங்கினார்கள். அமைதியாக உட்கார்ந்திருப்பதற்கு அந்த அமெரிக்கத் தொகுப்பில் 1.3 மெட். சும்மா இருப்பதைவிட முப்பது சதவீதம்தான் கூட. சின்னம்மாவும் மாதத்தில் ஒரு நாளாவது பஸ் ஏறிப் போய் அந்த 1.3இல் இருந்துவிட்டு வருவா. மடியில் கடைசி மகனின் படம். லமினேற் செய்தது, ஒரு மூலை கழன்று தண்ணீர் போய்விட்டது.

அன்று பின்னேரம் மருமகனுக்கு இந்தக் கதையெல்லாம் நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டுக் கனநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சின்னம்மாவிடம் போய், "அம்மம்மா, அந்த நடையை நான் இதில பதியப்போறன். கையாலயும் பதியலாம்" என்றான். பிள்ளைக்கு அதைத் தவிர வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்கும்தான் தெரியாது.

என்ன வகை என்று போன் கேட்டது. நடை, ஓட்டம், மலையேற்றம், நீச்சல்.

"நந்திக்கடலுக்குள்ள கழுத்தளவு தண்ணியில வந்தனாங்கள்" என்றா சின்னம்மா. "நீந்தேல்லை. பெட்டி தலையில."

அவன் பட்டியலைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, கடைசியில் இருந்த 'மற்றவை'யைத் தொட்டான். தொடங்கிய திகதி கேட்டது. 2009 ஜனவரி என்று போட்டான், நாள் 1 என்று வைத்துக்கொண்டான். அடுத்தது முடிந்த திகதி.

"முடிஞ்ச திகதி எப்ப, அம்மம்மா? மே பதினெட்டோ? இல்லாட்டி காம்பில இருந்து விட்ட நாளோ?"

சின்னம்மா சுளகைத் தட்டித் தூசு போக்கினா. "அவன் வந்தாப்பிறகு போடு."

முடிந்த திகதி இல்லாமல் சேமிக்க முடியாது என்று போன் சிவப்பெழுத்தில் சொன்னது. மருமகன் அதை அணைத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். மிச்சப் பயறைச் சின்னம்மா சுளகில் கொட்டிப் புடைக்கத் தொடங்கினா. மணிக்கூட்டைக் கழற்ற எல்லாரும் மறந்துவிட்டோம். காலை நீட்டி இருந்த இடத்தில் இருந்தபடியே, அவவின் காலடி ஏறிக்கொண்டிருந்தது.